தினமும் பொது அறிவு போடுற அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்: திருத்தம் சொல்றவங்கள வெளிய தள்ளாதீங்க

அட்மின் அண்ணன்களுக்கும் அக்காவுக்கும்,

போன வாரம் ராத்திரி நம்ம பொது அறிவு வாட்ஸ்அப் குரூப் செட்டிங்க மாத்தி, இனிமே அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும்னு ஆக்கிட்டீங்க. அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் கல்லணை கேள்விக்கு திருத்தம் போட்ட ரிட்டயர்டு வாத்தியார ரிமூவ் பண்ணீங்க. ரெண்டையும் சும்மா பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியல. குரூப்ல சொல்ல வழி இல்ல, பர்சனல்ல அனுப்புனதுக்கு ப்ளூ டிக் விழுந்துச்சு, பதில் வரல. அதனால பொதுவுலயே எழுதுறேன், குரூப்ல இருக்கறவங்களும் இல்லாதவங்களும் படிக்கட்டும்.

நான் நீடாமங்கலத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். நீங்க டெய்லி காலைல போடுற 10 கேள்வி எங்கெங்க போவுதுன்னு எனக்கு நல்லா தெரியும், ஏன்னா அது பேப்பரா மாறுறது என் கடைலதான். மாசக் கடைசில நீங்க விடுற பிடிஎஃப்ப ரெண்டு பக்கமும் அடிச்சு ஸ்பைரல் போட்டு வாங்கிட்டுப் போற பிள்ளைங்க நிறைய பேரு, முக்காவாசி டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்கு படிக்கறவங்க, அதுலயும் பொம்பளப் பிள்ளைங்கதான் அதிகம். மன்னார்குடிலேர்ந்து தஞ்சாவூர் போற காலேஜ் பிள்ளைங்க ரயில்வே கேட் போட்டு பஸ் நின்னுச்சுன்னா போன எடுத்து ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேட்டுக்குதுங்க, கேட் தொறக்கறதுக்குள்ள 10ம் முடிஞ்சிரும். ஸ்கூல் டீச்சருங்க சில பேரு காலை வழிபாட்டுக் கூட்டத்துல பொது அறிவு வாசிக்கறதுக்கு உங்க மெசேஜதான் எடுத்துக்கறாங்க, ஆறாவது படிக்கற புள்ள மைக் முன்னாடி நின்னு சத்தமா வாசிக்குது, 300 புள்ளைங்க கேக்குது. பைசா வாங்காம விடியக்காலைல எந்திரிச்சு இத நீங்க செய்யறது பெரிய வேலை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அதனாலதான் அதுல தப்பு வந்தா வலிக்குது. ஆத்துத் தலைப்புல மடை மாறுனா கடைமடை வரைக்கும் தண்ணி மாறித்தானே போவும்.

கல்லணை கேள்விலேர்ந்தே ஆரம்பிக்கறேன். "கல்லணையின் கொள்ளளவு எத்தனை டிஎம்சி"ன்னு கேட்டு கீழ 93.47னு விடை போட்டீங்க. அது மேட்டூர் அணை கணக்கு, 120 அடி நிரம்புனா 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி தண்ணி). கல்லணை தண்ணிய தேக்கி வைக்கற அணையே கிடையாது, வர்ற தண்ணிய காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரிச்சு விடுறது. கரிகாலன் கட்டுனதுன்னு நாம பெருமையா சொல்ற அணையோட வேலையே அதுதான். கல்லணைக் கால்வாய நம்மாளுங்க இன்னும் புதாறுன்னுதான் சொல்றாங்க, அது மேட்டூர் கட்டுன காலத்துல வெட்டுனது, 1934ல மேட்டூர் முடிஞ்சப்ப அதுவும் முடிஞ்சுச்சு. நீடாமங்கலத்துல இருக்கற எனக்கு இத யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல, எங்க ஊரு பக்கத்துல மூணாறு தலைப்புல போய் நின்னா வெண்ணாறு எப்படி பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறுன்னு மூணா பிரியுதுன்னு கண்ணால பாக்கலாம். வாத்தியாரும் இதத்தான் எழுதுனாரு. ரெண்டு வரி, அதுவும் "தம்பி, இத கொஞ்சம் சரிபாருங்க"ன்னு மரியாதையா, கூட புத்தகப் பக்கத்த போட்டோ எடுத்துப் போட்டாரு. அதுக்கு பதில் ரிமூவ். டெல்டாவுல இருக்கற ஒரு குரூப்ல கல்லணையப் பத்தி சரியா சொன்னதுக்கு ஒரு பெரிய மனுஷன வெளிய அனுப்புனது எப்படிங்க நியாயம்?

இந்த ஒண்ணோட போயிருந்தா நான் எழுதிருக்க மாட்டேன். காவிரி தண்ணி பங்கு எவ்வளவுன்னு உங்க பிடிஎஃப்லயே ரெண்டு விடை இருக்கு. ஒரு மாசம் 205 டிஎம்சின்னு போட்டீங்க, இன்னொரு மாசம் 192. கடைக்கு வந்த ஒரு பொண்ணு, அப்பா குத்தகைக்கு சாகுபடி பண்றவரு, ரெண்டு ஸ்பைரலயும் கவுண்டர்ல விரிச்சு வச்சு "அண்ணா இதுல எதுண்ணா சரி"ன்னு கேட்டுச்சு. 205ங்கறது 1991ல காவிரி நடுவர் மன்றம் கொடுத்த இடைக்காலத் தீர்ப்பு, 192ங்கறது அதே நடுவர் மன்றம் 2007 பிப்ரவரில கொடுத்த இறுதித் தீர்ப்புல எல்லைல இருக்கற பிலிகுண்டுலுல கர்நாடகா விட வேண்டிய அளவு, அதுக்கப்பறம் 2018 பிப்ரவரி 16ல சுப்ரீம் கோர்ட் அத 177.25ஆ குறைச்சிருச்சு. குறைச்சது 14.75 டிஎம்சி, நம்ம பக்கம் நிலத்தடி நீர் இருக்குன்னு சொல்லி 10, பெங்களூரு குடிதண்ணிக்கு 4.75. இன்னைக்கு பரீட்சைல கேட்டா 177.25தான் விடை. இதுல இன்னொரு குழப்பமும் இருக்கு, தமிழ்நாட்டோட மொத்த பங்கு 404.25, அதையும் இதையும் போட்டு குழப்பிக்கற பிள்ளைங்க நிறைய. ஒரு கேள்விக்கு மூணு நம்பர், மூணும் ஒரு காலத்துல சரியா இருந்துச்சு, அப்ப ஆண்டு போடாம நம்பர மட்டும் போட்டா அது எப்படி பொது அறிவாவும்? குறுவை நெல்லுக்கு தண்ணி வருமா வராதான்னு, மேட்டூர் தொறக்கற ஜூன் 12ஐ பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற வீட்டுப் பிள்ளைக்கு இந்த நம்பரு பரீட்சைக்கு மட்டும் இல்ல, அப்பாவோட பேசறதுக்கும் வேணும்.

மாவட்டக் கணக்கும் அப்படித்தான். இன்னும் 32 மாவட்டம்னு ஒரு பழைய மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கு, நீங்களும் போட்டீங்க. 2019ல அஞ்சு மாவட்டம் புதுசா வந்துச்சு, 2020 டிசம்பர் 28ல மயிலாடுதுறையும் தனியா வந்து 38 ஆச்சு. தரங்கம்பாடி இப்ப மயிலாடுதுறை மாவட்டம், நாகப்பட்டினம் இல்ல. கும்பகோணத்தையும் மாவட்டமாக்கணும்னு நம்ம பக்கம் ரொம்ப நாளா கேக்கறாங்க, ஆனாலும் இன்னைய தேதிக்கு 38தான்.

ராமானுஜன் பொறந்தது கும்பகோணம்னு போட்டீங்க. வளந்தது, டவுன் ஸ்கூல்ல படிச்சது, சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு எல்லாம் கும்பகோணம்தான், ஆனா 1887 டிசம்பர் 22ல அவரு பொறந்தது அம்மாவோட ஊரான ஈரோட்டுல. கும்பகோணத்துல பொறந்தவரு வேணும்னா எம்.எஸ்.சுவாமிநாதன் இருக்காரு, 1925 ஆகஸ்ட் 7. அவரப் பத்தி ஒரு கேள்விகூட உங்க பிடிஎஃப்ல நான் பாக்கல, நெல்லு வெளையுற ஊருல இருந்துக்கிட்டு அவர விட்டது எனக்கு வருத்தம்தான். தரங்கம்பாடிலதான் முதல் தமிழ்ப் புத்தகம் அச்சாச்சுன்னு போட்டீங்க, அதுவும் சரியில்ல. தம்பிரான் வணக்கம் 1578லயே கொல்லத்துல அச்சாயிடுச்சு. தரங்கம்பாடில சீகன்பால்கு 1715ல அச்சடிச்சது தமிழ் புதிய ஏற்பாடு, அதோட பெருமை தனி, அதுக்கு இன்னொன்னோட பெருமைய எடுத்துக் கொடுக்கத் தேவையில்ல. இந்தி தேசிய மொழி, ஹாக்கி தேசிய விளையாட்டு, நம்ம தேசிய கீதத்த யுனெஸ்கோ உலகத்துலயே சிறந்ததுன்னு அறிவிச்சுச்சு, நீங்க போட்ட இது மூணும் தப்பு. அரசியலமைப்பு 343வது பிரிவு ஒன்றியத்தோட அலுவல் மொழின்னுதான் சொல்லுது, தேசிய மொழின்னு ஒண்ணு எங்கயும் கிடையாது. தமிழ்நாட்டுல ஒரு குரூப்ல இந்தி தேசிய மொழின்னு வந்ததுதான் என்னால தாங்க முடியல.

இப்ப பெரிய கோயில். வருஷத்துக்கு பல தடவ வர்ற மெசேஜ் இது, "தஞ்சை பெரிய கோயில் கோபுர நிழல் தரையில் விழாது". நம்ம ஊரு ஆளுங்க இத ஃபார்வர்டு பண்றதப் பாத்தா எனக்கு நெஞ்சு பதறுது, வெளியூர்க்காரன் பண்ணா பரவால்ல. என் அக்கா பொண்ணு ஸ்கூல்ல மைக்ல இத வாசிச்சிட்டு வந்து சந்தோஷமா சொல்லுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழம விடியக்காலைல கெளம்பி அதைக் கூட்டிக்கிட்டு தஞ்சாவூர் போனேன். காலை வெயில் கிழக்கேர்ந்து அடிக்குதா, விமானத்துக்கு (கருவறை மேல இருக்கற கோபுரம்) பின்பக்கம் மேற்கால, கருவூர்த்தேவர் சன்னதி இருக்கற பக்கம், பெரிய நிழல் தரை முழுக்க நீட்டி விழுந்து கெடக்கு. புள்ள செருப்பில்லாத கால நிழல்ல ஒண்ணு வெயில்ல ஒண்ணு வச்சுப் பாத்துச்சு, வெயில்ல இருக்கற கல்லு அந்த நேரத்துக்கே சூடு ஏறிடுச்சு, நிழல்ல இருக்கறது சில்லுன்னு. நிழலோட உச்சி வரைக்கும் ஸ்டெப் ஸ்டெப்பா நடந்து போய் கலசத்தோட நிழல் எங்க முடியுதுன்னு அதுவே கண்டுபிடிச்சுச்சு. உச்சி வேளைல வெயில் நேர் மேல இருக்கறப்ப மட்டும் நிழல் அகலமான அடிப்பீடத்துலயே அடங்கிடும், அதப் பாத்துட்டுதான் எவரோ ஆரம்பிச்சு விட்டிருக்கணும்னு நெனைக்கறேன்.

அந்தக் கோயில்ல சொல்றதுக்கு நெஜமான அதிசயம் எவ்வளவு இருக்கு! 1010ல கட்டி முடிச்சது, கருங்கல்லே கெடைக்காத இந்த வண்டல் மண்ணு ஊருல முழுக்க கருங்கல்லால கட்டுனது. கட்டுன தச்சரோட பேர கல்வெட்டுல வெட்டி வச்சிருக்காங்க, குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன். "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்"னு ராஜராஜன் தன் கொடைய சொல்றப்ப அக்கா குந்தவைய பக்கத்துலயே வச்சு சொல்றான். கோயில்ல ஆடுன 400 தளிச்சேரிப் பெண்டுகளோட பேரு, எந்த ஊருலேர்ந்து வந்தாங்க, எந்த தெருவுல எத்தனாவது வீடு, அத்தனையும் எழுதி வச்சிருக்கான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு ராஜா சாதாரண பொம்பளைங்க வீட்டு அட்ரஸ கல்லுல வெட்டி வச்சிருக்கான்ங்க. இதுலேர்ந்து தினம் ஒண்ணு போட்டாலே ஒரு வருஷத்துக்கு வரும். அப்பறம் அந்தப் பெரிய நந்தி ராஜராஜன் காலத்துதுன்னு போடுறீங்க, அது நாயக்கர் காலத்துது, மண்டபமும் அவங்க கட்டுனதுதான். ராஜராஜன் காலத்து நந்தின்னு சொல்றது தெக்குத் திருச்சுத்து பக்கம் தனியா இருக்கு.

இதெல்லாம் மார்க்கு போற விஷயம்னே வச்சுக்குவோம். அதுவும் சின்ன விஷயம் இல்ல, குரூப் 4ல 200 கேள்வி 300 மார்க்கு, ஒரு கேள்விக்கு ஒன்றரை, அந்த ஒன்றரைல ரேங்க் எங்கயோ போயிடும், வயசு ஏறிக்கிட்டே போற பிள்ளைங்க இருக்கு. ஆனா நான் ராத்திரி தூக்கம் வராம எழுத உக்காந்ததுக்கு காரணம் வேற, பாம்புக்கடி கேள்வி.

"பாம்பு கடித்தால் முதலுதவி என்ன? விடை: கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டி, கீறி, ரத்தத்தை உறிஞ்சித் துப்ப வேண்டும்." இது உங்க மெசேஜ், நடவு நேரத்துல வந்துச்சு. எங்க தெருவுல ஒருத்தர் பொழுது சாஞ்சப்பறம் வயலுக்கு தண்ணி பாத்துட்டு வரப்புல வர்றப்ப கண்ணாடி விரியன் கடிச்சிருச்சு. வீடு வரைக்கும் நடந்தே வந்துட்டாரு. பையன் டிப்ளமோ முடிச்சவன், உங்க குரூப்ல இருக்கறவன், நல்ல பையன். அப்பாவ திண்ணைல உக்கார வச்சு கெணத்துக் கயித்தால தொடைல இறுக்கி ஒரு கட்டு கட்டிட்டு, தங்கச்சிய பிளேடு எடுத்தாரச் சொல்லி கத்துறான், கைல போன்ல உங்க மெசேஜ் தொறந்திருக்கு, நான் பாத்தேன். கால் அதுக்குள்ள நீலம் பாரிச்சு வீங்க ஆரம்பிச்சிருச்சு. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா ஓடியாந்து கயித்த அவுக்க வச்சு, பிளேட புடுங்கிப் போட்டு, கால ஆட்டாம படுக்க வச்சு 108க்கு போன் போட்டாங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில விஷமுறிவு மருந்து போட்டு காப்பாத்திட்டாங்க. அந்தக்கா இல்லாம இருந்திருந்தா அந்தப் பையன் தன் அப்பாவுக்கு தானே பிளேடு போட்டிருப்பான், காலம் பூரா அத சுமந்திருப்பான்.

கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்டவர நடக்க விடாம, கடிபட்ட இடத்த அசைக்காம, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவணும், அவ்வளவுதான் முதலுதவி. விரியன் கடிச்ச கால இறுக்கிக் கட்டுனா விஷம் அந்த எடத்துலயே நின்னு சதைய அழிக்கும், ரத்த ஓட்டமும் நின்னு காலே போற நெலமை வரும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் சேத்து ஒரே மருந்துதான், அதனால பாம்ப தேடி அடிச்சு எடுத்துக்கிட்டு போறேன்னு நேரத்த வீணாக்க வேண்டியதில்ல. கட்டுவிரியன் ராத்திரில தரைல படுத்திருக்கறவங்கள கடிக்கும், வலிகூட தெரியாது, வயித்து வலின்னு நெனச்சு விட்டுருவாங்க. வயல்ல எறங்கற மக்கள் இருக்கற ஊருல பொது அறிவுன்னா இதுதாங்க முதல்ல வரணும். அந்த மெசேஜுக்கும் வாத்தியார்தான் அன்னைக்கே திருத்தம் போட்டாரு, அது அடுத்து வந்த மெசேஜுல மேல போயிடுச்சு, நீங்க ஒரிஜினல டெலிட் பண்ணல, மாசக் கடைசி பிடிஎஃப்லயும் அப்படியே வந்துச்சு. நான் அத மட்டும் எடுத்துட்டு பிரிண்ட் போட்டேன், ஆனா என் கடைக்கு வராத போன்கள்ல அது அப்படியேதான் இருக்கு.

குரூப்ப ஏன் மூடுனீங்கன்னு நீங்க போட்ட காரணத்த நான் படிச்சேன். குட் மார்னிங் படம், கட்சிச் சண்டை, லோன் விளம்பரம், இதுல கேள்வி காணாம போவுதுன்னு சொன்னீங்க. உண்மைதான், நானும் பாத்திருக்கேன். அதுக்கு அந்த மெசேஜ டெலிட் பண்ணுங்க, போடுறவன எச்சரிங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா சண்டை போட்டவனையும் திருத்தம் சொன்னவரையும் ஒரே தராசுல வச்சு எல்லார் வாயையும் சேத்து மூடுனதுதான் தப்பு. "அட்மின தப்பு சொன்னா குரூப் மேல நம்பிக்கை போயிடும்"னு உங்கள்ல ஒருத்தர் எழுதுனாரு. தேர்வாணையமே பரீட்சை முடிஞ்சதும் தற்காலிக விடைக்குறிப்புன்னுதான் வெளியிடுது, தப்பு இருந்தா ஆதாரத்தோட ஆட்சேபணை சொல்லுங்கன்னு டைம் கொடுக்குது, அதப் பாத்துட்டுதான் இறுதி விடை வருது. அதனால அவங்க மேல இருக்கற நம்பிக்கை கூடத்தான் செய்யுது. அவங்களுக்கே அது தேவைப்படுதுன்னா, வேலைக்குப் போய்க்கிட்டே ராத்திரி உக்காந்து கேள்வி தயார் பண்ற மூணு பேருக்கு கட்டாயம் தேவைப்படும், அதுல குறைச்சல் ஒண்ணும் இல்ல.

நான் கேக்கறது இதுதான். வாத்தியார திரும்ப சேருங்க, ரிமூவ் பண்ணது தப்புன்னு குரூப்லயே ஒரு வரி போடுங்க, அவரு வயசுக்கு அது நீங்க செய்ய வேண்டிய மரியாதை. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது குரூப்ப தொறந்து வைங்க, அன்னைய 10 கேள்விக்கு திருத்தம் இருந்தா புத்தகப் பக்கத்தோட சொல்லட்டும், வேற எது வந்தாலும் டெலிட் பண்ணிக்குங்க. மாறக்கூடிய எந்த நம்பரா இருந்தாலும், மாவட்டம், டிஎம்சி, பதவில இருக்கறவங்க பேரு, எதுவா இருந்தாலும் பக்கத்துல ஆண்டு போடுங்க, எந்த வகுப்பு புத்தகம்னு ஒரு வார்த்த சேருங்க, 2018க்கு அப்பறம் வந்த புதுப் புத்தகமா பழசான்னும் சொல்லுங்க. தப்பாயிடுச்சுன்னா தனியா எங்கயோ இல்ல, மறுநாள் காலைல முதல் கேள்விக்கு மேலயே "நேத்து போட்டது தப்பு, சரியான விடை இது"ன்னு போடுங்க, அப்பதான் மைக்ல வாசிக்கற புள்ள வரைக்கும் அது போய்ச் சேரும். உடம்பு, மருந்து, முதலுதவி சம்பந்தமா டாக்டரோ நர்ஸோ பாக்காம ஒரு வரிகூட போடாதீங்க, அந்த நர்ஸ் அக்கா பாத்துச் சொல்ல ஒத்துக்கிட்டாங்க, நான் கேட்டுட்டேன். டெல்டா சம்பந்தமான கேள்விய போடுறதுக்கு முன்னாடி இங்கயே இருக்கற விவசாயி, கோயில் விஷயம் தெரிஞ்சவங்க, வாத்தியார் யார்கிட்டயாவது ஒரு தடவ கேளுங்க, எல்லாரும் உங்க குரூப்லயேதான் இருக்காங்க.

பாம்புக்கடி மெசேஜுக்கு மட்டும் நாளைக்கு காலை வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே திருத்தம் போடுங்க. இந்த மாச பிடிஎஃப்லயும் முதல் பக்கத்துல அதுவும் கல்லணையும் காவிரி பங்கும் திருத்தி வரணும். திருத்தம் இல்லாம வந்தா என் கடைல அத பிரிண்ட் போட்டுத் தர மாட்டேன், கேக்கற பிள்ளைங்ககிட்ட காரணத்தையும் சொல்லித்தான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் ஜெராக்ஸ் கடைக்காரன், உங்க குரூப்ல ஆரம்பத்துலேர்ந்து இருக்கறவன்